பேடனில் எந்த எல்லை இருந்தது, அங்கே மார்கிரேவ் எதற்கு?

வரைபடப்பித்தன்:
மார்கிரேவ் என்றால் புனித ரோமானியப் பேரரசின் எல்லைப்புறத்தைக் காப்பவர் என்று படித்தேன். மைசென், பிராண்டன்பர்க் எல்லாம் கிழக்கு எல்லையில் இருந்தன, சரி. பேடன் தென்மேற்கு ஜெர்மனியில் ரைன் ஆற்றோரம், நாட்டுக்கு உள்ளே அல்லவா இருக்கிறது? அப்புறம் 'ட்ஸேரிங்கன் டியூக்' என்று ஒரு வம்சம், அப்படி ஒரு டியூக் நாட்டை எந்த வரைபடத்திலும் காணோம். பட்டத்துக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே கிடையாதா?

பழையஏடு:
இரண்டும் ஒரே குடும்பம்தான். முதலாம் பெர்த்தோல்டு 1061-இல் கரிந்தியாவின் டியூக் ஆனார், வெரோனா எல்லைப்புறமும் அதோடு சேர்ந்தே வந்தது. கரிந்தியா கைவிட்டுப் போனது, ஆனால் மூத்த மகன் ஹெர்மன் வழியில் மார்கிரேவ் பட்டம் மட்டும் தங்கிவிட்டது. அவர் மகன் இரண்டாம் ஹெர்மன் ஹோஹென்பேடன் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு 1112 முதல் 'பேடன் மார்கிரேவ்' என்று போட்டுக்கொண்டார். மூத்த ஹெர்மனின் தம்பி இரண்டாம் பெர்த்தோல்டு ஸ்வாபியா டியூக் பதவிக்காக ஸ்டாவ்ஃபர் வம்சத்தோடு மோதி, 1098 வாக்கில் சமாதானமாகி அதை விட்டுக்கொடுத்தார். சூரிச்சும் டியூக் பட்டமும் அவருக்கு. நாடு போனாலும் கௌரவம் போகக்கூடாது, அவ்வளவுதான்.

எல்பேக்கரை:
இதைவிட வேடிக்கை சாக்சனி. 1180-இல் 'சிங்கம்' என்று பெயர் வாங்கிய டியூக் ஹென்றியிடமிருந்து அதைப் பிடுங்கி, வெஸ்ட்ஃபாலியாவைக் கொலோன் பேராயருக்கும், மீதியை டியூக் பட்டத்தோடு அஸ்கானிய வம்சத்துப் பெர்ன்ஹார்டுக்கும் கொடுத்தார்கள். அந்த வம்சத்தின் விட்டன்பர்க் கிளை அற்றுப்போனதும் 1423-இல் பட்டம் மைசென் மார்கிரேவுக்குப் போனது. பெயர் எல்பே ஆற்றோடு மேலே ஏறி ட்ரெஸ்டன் பக்கம் வந்தது இப்படித்தான், பழைய சாக்சன்கள் இருந்ததோ வடமேற்கில்.

உப்புச்சுங்கம்:
இதை வைத்துப் பட்டம் வெறும் அலங்காரம் என்று முடிவுகட்ட வேண்டாம். நீதிமன்றம், சுங்கம், நாணயச்சாலை, கோட்டை, மடங்களின் காவலுரிமை, இவை யார் கையிலோ அவர்தான் உண்மையில் ஆண்டார், ஆனால் அதற்கு மேல் ஒரு பட்டம் இருந்தால்தான் பேரரசின் இளவரசர்கள் வரிசையில் இடம். ஹென்றி சிங்கத்தின் பேரன் ஓட்டோ 1235-இல் என்ன செய்தார் பாருங்கள்: சொந்தக் குடும்ப நிலத்தைப் பேரரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக்கிடம் ஒப்படைத்து, அதையே மானியமாகத் திரும்பப் பெற்று, பிரவுன்ஷ்வைக்-லூனபர்க் டியூக் ஆனார்.

வரைபடப்பித்தன்:
அப்போ நான்கு மகன்கள் இருந்தால் நான்கு பேரும் டியூக்கா?

பழையஏடு:
பெரும்பாலும் ஆமாம். 1356-இன் பொன் ஆணை என்ற பேரரசுச் சட்டம், மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள இளவரசர்களின் நிலத்தைத்தான் பிரிக்கக்கூடாது, மூத்த மகனுக்கே போக வேண்டும் என்றது. பவேரியா டியூக்குகளுக்கு அப்போது அந்த உரிமை இல்லை, அதனால் 1392-இல் மியூனிக், லாண்ட்ஸ்ஹூட், இங்கோல்ஸ்டாட் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள், மூவருமே பவேரியா டியூக்.