வக்கீல் வைக்காமல் தொழிலாளர் நீதிமன்றத்தில் நின்றவர்கள்: அனுபவப் பகிர்வு

கடைசல்காரன் எழுதியது:

பதினோரு ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் நின்ற தொழிற்சாலையில், 2016 ஜூன் 14 காலை வாசல் காவலர் என்னை உள்ளே விடவில்லை. "ஆபீசில் விட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் அண்ணா" என்றார். மெமோ இல்லை, விசாரணை இல்லை, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கோவைப் பக்கத்து நிறுவனம் அது, பெயர் வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லாததால் அந்த வழக்கைக் கடைசிவரை நானே நடத்தினேன். எப்படித் தயாரானீர்கள் என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

என்னைக் காப்பாற்றியது நான்காம் நாள் அனுப்பிய ஒரு கடிதம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் இருந்தார், பழைய சங்கத்துக்காரர். நடந்ததைக் கேட்டதும் அவர் சொன்னது: "தம்பி, அழுவதைப் பிறகு பார்த்துக்கொள். நீயாகவே வேலையை விட்டு நின்றுவிட்டாய் என்றுதான் நாளைக்கு எழுதுவார்கள். அதற்கு முன்னால் நீ எழுது." ஜூன் 18 அன்று பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் எட்டு வரி அனுப்பினேன். 14ஆம் தேதி காலை வேலைக்கு வந்தேன், வாசலில் தடுக்கப்பட்டேன், காரணம் சொல்லப்படவில்லை, இன்றும் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், பணி கொடுங்கள். அவ்வளவுதான். கோபமாக ஒரு சொல் இல்லை. நான் முதலில் எழுதிய மூன்று பக்கத்தை அவர் கிழித்துப் போட்டிருந்தார்.

அவர் சொன்னபடியே நடந்தது. தொழிலாளர் அலுவலர் முன்னால் சமரசப் பேச்சு வந்தபோது, "அவர் தானாக நின்றுவிட்டார்" என்றுதான் நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. சமரசம் முறிந்தது. தொழில் தகராறு சட்டம் 1947, பிரிவு 2ஏ-இன் கீழ் நீதிமன்றத்துக்குப் போனேன். தனி ஒரு தொழிலாளியின் பணிநீக்கத்தையும் தொழில் தகராறாகக் கருதும் பிரிவு அது. சங்கம் பின்னால் நிற்க வேண்டியதில்லை. 2010 திருத்தத்துக்குப் பிறகு, சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் கடந்தால் நேராக நீதிமன்றம் போகலாம் என்று அப்போது இருந்தது. வேலையிலிருந்து நிறுத்திய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போய்விட வேண்டும் என்றும் இருந்தது. நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

இனித் தயாரிப்பு. முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது என்று எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே சிவப்பு மையில் ஒரே கேள்வி: இதற்குத் தாள் இருக்கிறதா? தாள் இல்லாத வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் தொடர்ந்து வேலை செய்தேன் என்பதையே நான்தான் காட்ட வேண்டும் என்று தெரிந்தபோது அதிர்ந்துபோனேன். 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளிமீது இருக்கிறது. வருகைப் பதிவேடோ நிர்வாகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதனால் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் தாக்கல் செய்ய உத்தரவிடக் கோரி ஒரு மனுப் போட்டேன். என் பங்குக்கு பி.எப். பாஸ்புக், ஈ.எஸ்.ஐ. அட்டை, வங்கிக் கணக்கில் மாதாமாதம் சம்பளம் விழுந்த பக்கங்கள் ஆகியவற்றை வரிசையாக எண்ணிட்டுக் கொடுத்தேன். பதிவேடு கடைசிவரை வரவில்லை. வராததையே என் வாதத்தில் எழுதினேன்.

அடுத்து, "அவர் தொழிலாளியே இல்லை, மேற்பார்வையாளர்" என்றார்கள். கடைசி இரண்டு ஆண்டுகள் என் அடையாள அட்டையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் சட்டம் பார்ப்பது பதவியின் பெயரை அல்ல, முதன்மையாக என்ன வேலை செய்தோம் என்பதை. என் கையெழுத்தில் இருந்த உற்பத்திச் சீட்டுகளின் நகல்கள் பதினேழு என்னிடம் இருந்தன: இயந்திர எண், உருப்படி, எண்ணிக்கை. யாருக்கும் நான் விடுப்பு அனுமதித்ததில்லை, யாருக்கும் மெமோ கொடுத்ததில்லை. அந்தச் சீட்டுகளை வீட்டில் யாரும் பழைய பேப்பரோடு போடாமல் வைத்திருந்ததற்கு என் மனைவிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறுக்கு விசாரணைக்குத்தான் அதிகம் பயந்தேன். அதற்காக, என் வாய்தா இல்லாத நாள்களிலும் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். டவாலி (நீதிமன்றச் சேவகர்) பெயர் கூப்பிட்டதும் எங்கே போய் நிற்கிறார்கள், எப்போது வழக்குத் தாள்களின் கட்டைக் கொடுக்கிறார்கள், நீதிபதி எதற்கு முகம் சுளிக்கிறார் என்பதெல்லாம் அங்கே கற்றவைதான். ஏழெட்டு நாள் பார்த்ததில் ஒன்று புரிந்தது. சாட்சியிடம் "ஏன்" என்று கேட்பவர்கள் தோற்கிறார்கள். "ஏன்" என்று கேட்டால் சாட்சிக்குக் கதை சொல்ல மேடை போட்டுக் கொடுத்தது போலாகிவிடும்.

மனிதவள மேலாளர் கூண்டில் ஏறியபோது நான் கேட்டவை நான்கு. வேலைக்கு வராத தொழிலாளியைத் திரும்ப அழைத்துக் கடிதம் அனுப்புவது உங்கள் நிறுவன வழக்கமா? ஆம். எனக்கு அப்படி அனுப்பிய கடிதம் எதையும் தாக்கல் செய்திருக்கிறீர்களா? இல்லை. இந்த ஒப்புகை அட்டையில் இருப்பது உங்கள் நிறுவன முத்திரைதானே? ஆம். இந்தக் கடிதத்துக்குப் பதில் அனுப்பினீர்களா? இல்லை. ஐந்தாவதாக "அப்படியானால் பொய் சொல்கிறீர்கள் அல்லவா" என்று கேட்க நாக்கு துடித்தது. உட்கார்ந்துவிட்டேன். அந்த நான்கு பதில்களும் தீர்ப்பில் அப்படியே இருக்கின்றன.

ஓர் இடத்தில் தவறினேன். வேலையில்லாத காலத்தில் வேறு எங்கும் நிலையான வருமானம் இல்லை என்பதை என் பிரமாண வாக்குமூலத்தில் எழுதவே இல்லை. பின் ஊதியம், அதாவது வேலையில்லாமல் நிறுத்தப்பட்ட காலத்துச் சம்பளம், கேட்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றம் 2013-இல் தீபாலி குண்டு சுர்வாசே வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குறுக்கு விசாரணையில் கேட்டபோது, மைத்துனர் பட்டறையில் அவ்வப்போது வேலை செய்ததை மறைக்காமல் சொன்னேன். பணித் தொடர்ச்சியுடன் மீண்டும் வேலை கிடைத்தது, பின் ஊதியம் பாதிதான். எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று நானே முன்கூட்டி எழுதியிருந்தால் இன்னும் கூடியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஊசிநூல் எழுதியது:

அண்ணா, உங்களுடையது பெரிய போராட்டம். என்னுடையது பணிக்கொடை (கிராஜுவிட்டி) மட்டும். எட்டு ஆண்டு ஏழு மாதம் பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, குழந்தைக்காக ராஜினாமா செய்தேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 ரூபாய். நிறுவனம் அதை 30-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று எட்டு ஆண்டுக்குக் கணக்கிட்டு, 41,600 ரூபாய் என்றது. அப்போது நடைமுறையில் இருந்த பணிக்கொடைச் சட்டம் 1972-இன்படி 26-ஆல் வகுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலம் முழு ஆண்டாகும். 10,400-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,000. ஒன்பது ஆண்டுக்கு 54,000.

பணிக்கொடை வழக்கை விசாரிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி முன்னால் நான் பேசியது மிகக் குறைவு. இந்தக் கணக்கைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி மூன்று நகல் எடுத்துப் போனேன். ஒன்று அதிகாரிக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு, ஒன்று எனக்கு. நிறுவனத்தின் வக்கீல் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று நான் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். அப்போது கை நடுங்கியது உண்மை. ஆனால் சட்டம் கொடுப்பதை அதற்கு மாறான ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது என்று பிரிவு 14-ஐ முதல்நாள் இரவே நகலெடுத்து வைத்திருந்தேன். அதை நீட்டினேன். 54,000 வந்தது, தாமதத்துக்கு 10 சதவீத வட்டியும் வந்தது.

இரவு ஷிப்ட் எழுதியது:

நான் தோற்றவன். ஜெயித்தவர்கள் எழுதியதோடு இதையும் படியுங்கள்.

மேலதிகாரியைத் தள்ளிவிட்டதாகக் குற்றச்சாட்டு. தற்காலிகப் பணிநீக்கம் செய்து, உள்விசாரணைக்கு அழைத்தார்கள். "அவர்களே குற்றம் சாட்டி அவர்களே விசாரிப்பதா, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று நான் போகவில்லை. மூன்று அமர்வுக்கும் போகவில்லை. வேலையை விட்டு நீக்கினார்கள், நான் நீதிமன்றம் போனேன். நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொண்ட கேள்வியே உள்விசாரணை முறையாக நடந்ததா என்பதுதான். எனக்கு மூன்று முறை வாய்ப்புக் கொடுத்ததற்கு அவர்களிடம் தபால் ரசீதுகள் இருந்தன. விசாரணை சரி என்று முடிவானது. அதற்குப் பிறகு மிஞ்சியது அதே 1947 சட்டத்தின் பிரிவு 11ஏ: தண்டனை அதிகம், குறையுங்கள் என்று கேட்பது. அதிலும் இரங்கவில்லை.

வேதனை என்னவென்றால், தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் நிர்வாகம் தர வேண்டிய பிழைப்பூதியம் ஒரு ரூபாய்கூட அந்த மாதங்களில் எனக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் சட்டம் இருக்கிறது: முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு 75 சதவீதம், அதன் பிறகு முழுச் சம்பளம். பிழைப்பூதியம் கொடுக்காததால் வர முடியாமல் போனவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக நடந்த விசாரணை செல்லாது என்று 1999-இல் பால் ஆண்டனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் ஒருமுறைகூட "பணம் கொடுங்கள், பஸ்ஸுக்குக் காசில்லை" என்று எழுதிக் கேட்கவில்லை. எழுதாததை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மெமோ கையில் வந்த அன்றே வழக்கு தொடங்கிவிட்டது என்பது எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. குற்றச்சாட்டு எவ்வளவு அபாண்டமாக இருந்தாலும் விசாரணைக்குப் போங்கள், கையெழுத்திடுமுன் பதிவானதைப் படியுங்கள், நகல் கேளுங்கள்.

ஊசிநூல் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்து மனம் கனத்துவிட்டது அண்ணா. கடைசல்கார அண்ணாவிடம் ஒரு கேள்வி: நிர்வாகம் பெரிய வக்கீலை வைத்தால் நாம் என்ன செய்வது?

கடைசல்காரன் எழுதியது:

இரவு ஷிப்ட் தம்பி, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு மனவலி இருந்திருக்கும். நன்றி.

வக்கீல் கேள்விக்கு: என் வழக்கு நடந்தபோது இருந்த 1947 சட்டத்தின் பிரிவு 36-இன்படி சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமே இருக்கவில்லை. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் ஆஜராக முடிந்தது. எதிர்த்தரப்பு என்பது இங்கே நாம். நிர்வாகத்தின் வக்கீல் முதன்முதலாக வரும் நாளிலேயே ஆட்சேப மனுக் கொடுத்துவிட வேண்டும்; பேசாமல் நாலு வாய்தாவை விட்டுவிட்டால் சம்மதித்ததாகிவிடும். நான் இது தெரியாமல் விட்டுவிட்டேன், ஒரு மூத்த வக்கீலுக்கு எதிரே நான்கு ஆண்டுகள் நின்றேன். நிறுவனத்தின் நிரந்தர அதிகாரியே வக்கீலாகவும் இருந்தால் இந்த ஆட்சேபம் செல்லாது என்று 1976 பாரதீப் துறைமுக வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது புதிதாகப் போகிறவர்கள் எங்கள் காலக் கணக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல், 1947 சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரச அலுவலர் அதைக் கையில் எடுக்க முடியாது. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தனியாக முடியாது என்று தோன்றினால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை இருக்கிறது. என் நோட்டின் முதல் பத்துப் பக்கங்களைப் பெயர்களை மறைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். தேதிகளை எப்படிப் பிரித்தேன் என்று பார்க்க விரும்புகிறவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைக்கிறேன்.