செயின்ட் ஆண்ட்ரூஸ்: ஊர்க்காரங்களுக்கு வீடு இல்லாததுக்கு யார் காரணம், கோல்ஃபா யுனிவர்சிட்டியா?

டண்டீதமிழன்:
ஸ்காட்லாந்துல இருக்குற செயின்ட் ஆண்ட்ரூஸ் வீட்டு வாடகை பத்தி பேச்சு வந்தாலே எல்லாரும் கோல்ஃப் டூரிஸ்ட்ட தான் திட்டுறாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பக்கத்து ஊர் டண்டீல இருந்து 99ஆம் நம்பர் பஸ்ல அங்க வேலைக்கு போறவன் நான். காலைல அந்த பஸ்ல யாரெல்லாம் ஏறுறாங்கன்னு பாருங்க, ஹோட்டல்ல சமைக்கிறவங்க, கேர் ஹோம்ல வேலை பாக்குறவங்க, கடையில நிக்கிறவங்க, இவங்க யாராலயும் அந்த ஊர்ல குடியிருக்க முடியல. ஊர்ல மொத்த ஜனமே இருபதாயிரத்துக்குள்ள, அதுல பாதிக்கு கிட்ட ஸ்டூடண்ட்ஸ். 2001ல வில்லியம் இளவரசர் அங்க சேர்ந்ததுல இருந்து யுனிவர்சிட்டி மவுசு வேற எங்கயோ போயிடுச்சு, ஊர் மட்டும் அதே மூணு தெரு தான். மூணு பேர், நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்ட எடுத்து ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு குடுத்தா ஒரே சம்பளத்துல ஓடுற குடும்பம் எப்படி போட்டி போடும்? 2019ல அந்த வட்டாரத்த நிர்வாகம் பண்ற ஃபைஃப் கவுன்சில் இந்த மாதிரி பகிர்ந்து வாடகைக்கு விடுற வீட்டு லைசென்ஸ் இனிமே கூடக்கூடாதுன்னு முடிவு பண்ணது ரொம்ப சரி.

நார்த்ஸ்ட்ரீட்மாணவி:
லைசென்ஸ நிறுத்தினா ஸ்டூடண்ட் வராம இருப்பாங்களா அண்ணா? வரத்தான் செய்றாங்க, இருக்குற வீட்டுக்கு அடிச்சுக்கிறாங்க, வாடகை ஏறுது, கிடைக்காதவங்க உங்க டண்டீக்கு வந்து அதே 99ல உங்க பக்கத்து சீட்ல உக்காருறாங்க. எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு பிப்ரவரி மாசம் பூரா வேற சிந்தனையே கிடையாது, அடுத்த செப்டம்பருக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதான்னு தான். லைசென்ஸ் கிடைக்காத வீடெல்லாம் குடும்பத்துக்கு போச்சுன்னு நினைக்கிறீங்களா? எங்க தெருவுல ஒரு ஓனர் அப்படியே ஹாலிடே லெட்டா, அதாவது டூரிஸ்ட்டுக்கு கொஞ்ச நாளைக்கு வாடகைக்கு விடுற வீடா, மாத்திட்டாரு. கோடைல வாராவாரம் கோல்ஃப் பை தூக்கிட்டு புது ஆளுங்க வர்றாங்க, குளிர்காலத்துல அந்த ஜன்னல்ல லைட்டே எரியறதில்ல.

ஓல்டுகோர்ஸ்ரசிகன்:
கோல்ஃப இதுல இழுக்காதீங்க. ஊரோட ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானம் மாதிரி உலகத்துலயே இவ்வளவு பெரிய பேர் இருந்தும் பொது நிலமாவே இருக்குற மைதானம் வேற எங்க இருக்கு சொல்லுங்க. 1552லயே ஆர்ச்பிஷப் ஹாமில்டன் குடுத்த சாசனத்துல அந்த கடலோர மணல்மேட்டுல விளையாடுற உரிமை ஊர் ஜனத்துக்குன்னு எழுதியிருக்கு. 1797ல கடன்ல மாட்டின டவுன் கவுன்சில் அந்த நிலத்த வித்து, வாங்கினவங்க முயல் வளர்க்க விட்டு மைதானம் பூரா பொந்தா போச்சு, ஊர் ஜனம் வருஷக்கணக்கா கோர்ட்டுலயும் மைதானத்துலயும் சண்டை போட்டாங்க. 1821ல ஜேம்ஸ் சீப்னு பக்கத்து எஸ்டேட்காரர் வாங்கி கோல்ஃப காப்பாத்தினார், 1894ல பார்லிமென்ட் சட்டத்தோட நிலம் ஊர் கைக்கே வந்துச்சு, 1974ல இருந்து ஒரு டிரஸ்ட் பாத்துக்குது. ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ்ல விளையாட்டு கிடையாது, போய் பாருங்க, டைகர் உட்ஸ் ஜெயிச்ச அதே பதினெட்டாவது ஹோல் புல்லுல பாட்டிங்க நாய கூட்டிட்டு நடக்குறாங்க, குழந்தைங்க மைதானத்துக்குள்ள இருக்குற ஸ்வில்கன் கல் பாலத்துல ஏறி நிக்குது. மத்த நாள்லயும் ஒண்ணாவது, பதினெட்டாவது ஹோல குறுக்க வெட்டிட்டு பீச்சுக்கு போற தெரு ஒண்ணு இருக்கு, அதுல யாரு வேணா நடக்கலாம். இதெல்லாம் யாரும் தூக்கி குடுக்கல, ஊர்க்காரங்க விடாம பிடிச்சு வச்சது.

டண்டீதமிழன்:
நானும் அதத்தான் சொல்றேன். புல்லுக்கு சாசனம் இருக்கு, வீட்டுக்கு இல்ல. நிலத்த காப்பாத்தின ஊரு வீட்ட கோட்டை விட்டுடுச்சு.

எழும்பூர்க்காரி:
யுனிவர்சிட்டிய ஏதோ நேத்து வந்து உக்காந்த கம்பெனி மாதிரி பேசாதீங்க, 1413ல போப் சாசனம் வாங்கினது அது, ஸ்காட்லாந்துக்கே முதல். நம்மாளுங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். அந்த ஊர்ல ஒரு முடிதிருத்துறவரோட பையன், ஆண்ட்ரூ பெல், 1753ல பொறந்தவர், அதே யுனிவர்சிட்டில படிச்சார். பின்னாடி மெட்ராஸ் வந்து எழும்பூர்ல வெள்ளைக்கார சிப்பாய்களோட ஆதரவில்லாத பசங்களுக்கான விடுதிப்பள்ளிய நடத்தினார். வழில ஒரு நம்மூர் பள்ளிக்கூடத்துல பசங்க மணல்ல விரலால எழுதி படிக்கிறத பாத்துட்டு வந்து தன் பள்ளிலயும் அப்படி சொல்லிக்குடுங்கன்னார், வாத்தியாருங்க முடியாதுன்னாங்க. உடனே ஜான் ஃப்ரிஸ்கென்னு எட்டு வயசு பையன கூப்பிட்டு சின்னப்பசங்களுக்கு எழுத்து சொல்லிக்குடுக்க வச்சார், நம்ம திண்ணைப்பள்ளி சட்டாம்பிள்ளை மாதிரி தான். அந்த முறை மெட்ராஸ் சிஸ்டம்னு இங்கிலாந்து பூரா பரவுச்சு. அவர் விட்டுட்டு போன பணத்துல தான் 1833ல செயின்ட் ஆண்ட்ரூஸ் சவுத் ஸ்ட்ரீட்ல மெட்ராஸ் காலேஜ்னு ஸ்கூல் வந்துச்சு, இன்னிக்கும் ஊர் பிள்ளைங்க அதுல தான் படிக்கிறாங்க. ஒரு ஏழை வீட்டு பையன படிக்க வச்ச யுனிவர்சிட்டிய ஊருக்கு எதிரின்னு எப்படி சொல்றது?

டண்டீதமிழன்:
அக்கா, நல்ல தகவல், ஆனா கதைய பாதில நிறுத்திட்டீங்க. அந்த ஸ்கூல் இப்ப சவுத் ஸ்ட்ரீட்ல இல்ல. 2021ல ஊரோட மேற்கு ஓரத்துக்கு போயிடுச்சு. யுனிவர்சிட்டி தன் கையில இருந்த வெளி நிலத்த குடுத்து ஊர் நடுவுல இருந்த பழைய இடத்த வாங்கிக்குச்சு. பிள்ளைங்களுக்கு புது கட்டடம் கிடைச்சது நல்லது தான், மறுக்கல. ஆனா ஊர் நடுவுல இருந்து யாரு வெளிய போறாங்க, யாரு உள்ள வர்றாங்கன்னு பாருங்க. பெல் மாதிரி ஒரு பையன் இன்னிக்கு அந்த ஊர்ல பொறக்கணும்னா அவங்க அப்பாவுக்கு முதல்ல அங்க வீடு வேணும்ல?

நார்த்ஸ்ட்ரீட்மாணவி:
இந்த கேள்விக்கு என்கிட்ட மறுப்பு இல்ல. ஆனா பழிய இருபது வயசு பசங்க மேல போடாதீங்கன்னு தான் சொல்றேன். சேர்க்கைய கூட்டினது நாங்களா? எத்தனை பேர சேக்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அத்தனை பேருக்கு படுக்கை இருக்கான்னு யுனிவர்சிட்டி கணக்கு காட்டணும், ஹாஸ்டல் கட்டிட்டு சேக்கணும். அடுத்தது ரயில். 1969ல ஊருக்குள்ள வந்த லைன மூடிட்டாங்க, இப்ப பக்கத்துல இருக்குற லூக்கர்ஸ் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிக்கணும், அந்த லைன திரும்ப போடணும்னு ஊர்ல ரொம்ப காலமா கேக்குறாங்க. ரயில் இருந்தா நாங்க எல்லாரும் இந்த மூணு தெருவுக்குள்ளயே முட்டிக்க வேண்டாம்.

ஓல்டுகோர்ஸ்ரசிகன்:
ரயில் வேணும், அதுல நானும் உங்க பக்கம். ஹாலிடே லெட்ட கட்டுப்படுத்தினாலும் சந்தோஷம், கோல்ஃப் ஆட வர்றவன் ஹோட்டல்ல தங்கட்டும், ஒரு ரவுண்டுக்கு 300 பவுண்டுக்கு மேல குடுக்குறவனுக்கு அது பெரிய செலவில்ல. ஆனா ஸ்டூடண்ட் வீட்டு லைசென்ஸ திறந்து விட்டீங்கன்னா மிச்சம் இருக்குற நாலு குடும்பமும் கிளம்பிடும், அதுல நான் டண்டீதமிழன் கூட தான்.

டண்டீதமிழன்:
அப்ப ஹாலிடே லெட்டுக்கும் அதே 2019 மாதிரி ஒரு தடை கேளுங்க, நானும் கையெழுத்து போடுறேன். அது வர்ற வரைக்கும் லைசென்ஸ் தடைய எடுங்கன்னு என்கிட்ட யாரும் கேக்காதீங்க. எடுத்தா காலியாகுற வீட்டுக்கு யாரு குடி வருவாங்க, என் பஸ்ல ஏறுற கேர் ஹோம் அம்மாவா? அத மட்டும் தங்கச்சி சொல்லட்டும்.