கட்டடம் விற்றதும் பனி தள்ளும் காண்ட்ராக்டும் போய்விட்டது, யாரிடம் கேட்பது?

உப்புவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங்கில் சில வருடங்களாக நான்தான் பனி தள்ளி, வழுக்காமல் இருக்க உப்புப் போடுகிறேன். இந்த சீசனுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி, நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து தவணையாகத் தருவது என்று கையெழுத்தானது. டிசம்பர் முழுக்க விடாத பனி, சில இரவுகளில் இரண்டு முறை போய்த் தள்ள வேண்டியிருந்தது. இதுவரை கைக்கு வந்தது இரண்டு தவணை. இன்று காலை ஒரு மின்னஞ்சல்: இடத்தை விற்றாகிவிட்டது, புது உரிமையாளருக்கு வழக்கமான ஆட்கள் இருக்கிறார்கள், இனி வர வேண்டாம், நன்றி. அவ்வளவுதான். இந்த வேலையை நம்பி உப்பு வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு ஆளையும் சேர்த்தேன், பனி அள்ளும் என் லோடர் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. காண்ட்ராக்ட் மார்ச் வரை இருக்கிறதே, புது உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட வேண்டாமா?

காலை4மணி:
பெரும்பாலும் வேண்டாம், கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும். கடைக்காரர்களின் வாடகை ஒப்பந்தம் பொதுவாக இடத்தோடு சேர்ந்து புது ஆளிடம் போகும், ஆனால் பனி, குப்பை, புல் வெட்டுவது மாதிரியான சேவை ஒப்பந்தங்கள் கையெழுத்துப் போட்டவரோடு நிற்பவை. வாங்குபவர் விற்பனைப் பத்திரத்தில் "இவற்றை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக்கொண்டால்தான் அவர் தலையில் ஏறும். ஒரு விதிவிலக்கு உண்டு. சில சமயம் நிலத்தை விற்காமல், அந்த நிலத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளையே விற்பார்கள். அப்போது உங்களோடு ஒப்பந்தம் செய்த கம்பெனி அப்படியே இருக்கிறது, முதலாளிதான் வேறு, அதனால் உங்கள் காண்ட்ராக்டும் உயிரோடுதான் இருக்கிறது. முதலில் எது விற்கப்பட்டது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் காகிதத்தில் "உரிமை மாற்றம்", "முன்னறிவிப்பு" என்று ஏதாவது இருக்கிறதா?

உப்புவண்டி:
தேடி எடுத்துப் பார்த்தேன். எந்தத் தரப்பும் 30 நாள் எழுத்து முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்கலாம் என்று இருக்கிறது, விற்பனை பற்றி ஒரு வரியும் இல்லை. கையெழுத்துப் போட்டது பராமரிப்புக் கம்பெனி, "உரிமையாளர் சார்பில்" என்று. விற்றது நிலத்தைத்தான், கம்பெனியை இல்லை.

காலை4மணி:
அப்படியானால் உங்கள் ஆள் பழைய உரிமையாளர்தான். பராமரிப்புக் கம்பெனி வெறும் முகவர் என்பதால் கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். 30 நாள் என்று எழுதிவிட்டு அன்றைக்கே நிறுத்தச் சொல்வது ஒப்பந்தப்படி நடந்ததாகாது, அந்த ஒரு மாதத்துக்கான தொகையைத் தைரியமாகக் கேட்கலாம். மார்ச் வரை மொத்தமும் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், 30 நாளில் முடிக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அந்த ஒரு மாதத்திலும் நீங்கள் செலவழிக்காமல் மிச்சமான டீசல், உப்பு, கூலியை அவர்கள் கழிக்கப் பார்ப்பார்கள். ஊருக்கு ஊர் சட்டம் மாறும், தொகை பெரிதென்றால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் மீதி மாதங்களையே பேசுகிறீர்கள், நான் முடிந்துபோன மாதங்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். சீசன் விலை என்பது இரண்டு பக்கமும் ஆடும் சூதாட்டம். பனி குறைந்தால் நமக்கு லாபம், கொட்டித் தீர்த்தால் அவர்களுக்கு லாபம். கொட்டித் தீர்த்த பாதியில் நம்மை வேலை வாங்கிவிட்டு, ஒருவேளை பனியே இல்லாமல் போகக்கூடிய பாதிக்கு முன் வெளியே அனுப்பினால் நட்டம் முழுக்க நம் பக்கம்தான். அதனால் என் ஒப்பந்தங்களில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: சீசன் முடியும் முன் எந்தக் காரணத்துக்காக, விற்பனை உட்பட, நிறுத்தினாலும், அதுவரை செய்த வேலை ஒரு தடவைக்கு இவ்வளவு, உப்புக்கு இவ்வளவு என்ற பட்டியல் விலையில் திரும்பக் கணக்கிடப்படும், அது கட்டிய தவணையைவிட அதிகமாக இருந்தால் வித்தியாசத்தைத் தர வேண்டும். முதல் இரண்டு தவணையைப் பெரிதாக வைப்பதும் உண்டு. உங்கள் காகிதத்தில் இது இல்லை என்றாலும், போன ஒவ்வொரு தடவையின் தேதி, நேரம், போட்ட உப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் கடிதத்தோடு இணையுங்கள். சட்டப்படி அந்த வித்தியாசத்தைக் கேட்பது கடினம்தான், ஆனால் பேரம் பேசும்போது அந்தத் தாள் நன்றாக வேலை செய்யும்.

மூன்றாம்கியர்:
பணம் வரும் போகும் அண்ணா, இன்று இரவு பனி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. பழக்க தோஷத்தில் போய்த் தள்ளிவிடாதீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் தள்ளினால் பணம் தர யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் யாராவது வழுக்கி விழுந்தால் கடைசியாக அங்கே வேலை பார்த்தது யார் என்று தேடி வருவார்கள். இன்ன நேரத்தோடு என் சேவை நின்றது, கடைசியாக உப்புப் போட்டது இன்ன நேரத்தில் என்று இரண்டு உரிமையாளர்களுக்கும் இன்றே எழுதிவிடுங்கள், பார்க்கிங்கைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கி விழுந்த வழக்குகள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துக்கூட வரும், அதனால் வண்டியின் ஜிபிஎஸ் பதிவை அழிக்க வேண்டாம். உங்கள் காப்பீட்டில் பழைய உரிமையாளர் பெயரையும் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

காலை4மணி:
இதை நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சரியான விஷயம்.

வடக்குக்காற்று:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கடிதம் பழைய ஆளுக்குப் போகட்டும், ஆனால் புது ஆளுக்குப் போன் போடுங்கள். "வழக்கமான ஆட்கள்" என்று சொல்வது சுலபம், சீசன் நடுவில் புதிதாக ஒரு பார்க்கிங்கை ஏற்க அந்த ஆட்களுக்கும் வண்டி வேண்டுமே. வடிகால் மூடி எங்கே, பனிக்கடியில் கர்ப் (ஓரக்கல்) எங்கே திரும்புகிறது, குவியலை எந்த மூலையில் ஒதுக்கினால் உருகும் தண்ணீர் நடைபாதையில் ஓடி மறுபடி உறையாது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். மீதி சீசனுக்குத் தடவைக் கணக்கில் விலை கொடுங்கள், எழுத்தில் மட்டும். வேண்டாம் என்றால் அந்த உப்பைப் புது ஆட்களே வாங்குவார்களா என்றும் கேளுங்கள், நடு சீசனில் உப்புத் தட்டுப்பாடு வருவது வழக்கம்தானே.

உப்புவண்டி:
எல்லோருக்கும் நன்றி. நிறுத்தக் கடிதமும் 30 நாள் பில்லும் இன்றிரவே போகின்றன, போன் நாளை. லோடரை எடுக்க எப்போது வரலாம் என்று கேட்க வேண்டுமா, நேராகப் போய் எடுத்துவிடலாமா?

மூன்றாம்கியர்:
எடுக்கப் போகிறேன் என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டு இன்றைக்கே போங்கள். இடம் இப்போது வேறொருவருடையது, நாளைக்கு அவர்கள் இழுவை வண்டியைக் கூப்பிட்டால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.