24 சதவீதம் காட்டின பேட்டரி மாடியில விழுந்தா யார் பொறுப்பு?

கேமரா_தேவிபட்டினம்:
ஆனி முகூர்த்தத்துக்கு முந்தின ஷூட், தேவிபட்டினம் பக்கம் ஒரு கடற்கரை ஊர்ல. மாப்பிள்ளையும் பொண்ணும் கடல்ல ஒரு வல்லத்துல, டிரோன் அவங்களச் சுத்தி மேல. எடுத்து முடிச்சுத் திரும்பி வருது, திரையில 24 சதவீதம். திடீர்னு சிவப்பு எழுத்துல பேட்டரி அபாயம்னு காட்டி தானா இறங்க ஆரம்பிச்சுது. அரை நிமிஷம்கூட இல்ல, ஒரு வீட்டு மாடி சோலார் பேனல் மேல விழுந்து கண்ணாடி சிலந்தி வலையா விரிஞ்சு போச்சு. வீட்டுக்காரர் புதுப் பேனல் கேக்குறார். கால்வாசி சார்ஜ் இருக்குன்னு பேட்டரி பொய் சொன்னா அதுக்கு நானா பொறுப்பு? வித்தவன் கொடுக்கட்டும்.

மாடிவீட்டு_மருமகன்:
அது என் மாமனார் வீட்டு மாடி. பேட்டரி வித்தவனை எங்களுக்குத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். பேனல்ல கண்ணாடியை மட்டும் மாத்த முடியாது, முழுசாத்தான் மாத்தணும். அதுவரை அந்த வரிசையையே அணைச்சு வச்சிருக்கோம். மழைத்தண்ணி உள்ள இறங்கினா கரண்ட் கசியும்னு எலக்ட்ரீஷியன் தொடக்கூட விடல.

சால்டரிங்_அண்ணன்:
ராமநாதபுரத்துல டிரோன் ரிப்பேர் பாக்குறவன் நான். சண்டைக்கு முன்னாடி லாக் எடு தம்பி, அதான் பறந்ததோட பதிவு. போன்ல ஒண்ணு இருக்கும், டிரோனுக்குள்ள ஒண்ணு இருக்கும். ஆப்பை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டுடாதே, போன்ல இருக்கறது போயிடும். விழுந்த பேட்டரியை "வேலை செய்யுதா பாப்போம்"னு சார்ஜ்ல மாட்டாதே. ஊதியிருந்தா மணல் வாளியில போட்டு வீட்டுக்கு வெளியே வை. பேட்டரிக்குள்ள செல் செல்லா வோல்டேஜ், எந்த எச்சரிக்கை எத்தனாவது நொடி, நீ ரிமோட் குச்சியை எந்தப் பக்கம் தள்ளின, எல்லாம் லாக்ல கிடக்கும்.

கேமரா_தேவிபட்டினம்:
எடுத்துட்டேன் அண்ணே. நேரமெல்லாம் கிளம்பினதுல இருந்து நிமிஷம்:நொடி.
9:30, 41 சதவீதம், கிளம்பின இடத்துக்குத் திரும்பச் சொல்லி எச்சரிக்கை. 9:34, ரத்து.
10:10, 37 சதவீதம், திரும்புது. தூரம் 800 மீட்டர்.
12:30, 24 சதவீதம். மூணு செல்லும் 3.58, 3.57, 3.12.
12:45, மூணாவது செல் 3 வோல்ட்டுக்குக் கீழ. தானா இறங்குது.
13:10, 8 மீட்டர் உயரத்துல மோட்டார் நின்னுடுச்சு.

மாடிவீட்டு_மருமகன்:
9:34ல ரத்து பண்ணது பேட்டரியா, நீங்களா?

கேமரா_தேவிபட்டினம்:
நான்தான். வெளிச்சம் போயிட்டிருந்துச்சு, இன்னும் ஒரு சுத்து பாக்கி. 41ல எவன் இறக்குவான்?

கச்சான்_காத்து:
மாப்ள, அன்னிக்கு எங்க அப்பாவே தொழிலுக்குப் போகல. இந்த மாசத்துல கச்சான் காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். போகும்போது முதுகுல தள்ளும், வரும்போது நெஞ்சுல அடிக்கும். லாக்ல காத்து எவ்வளவு?

கேமரா_தேவிபட்டினம்:
நொடிக்கு 11 மீட்டர்.

கச்சான்_காத்து:
உன் டிரோன் நொடிக்கு 16 போகும். அதுல 11 காத்து தின்னுட்டா மிச்சம் 5. 800 மீட்டர் வர 160 நொடி. காத்தில்லாத நாள்ல 50 நொடி வேலை இது. அந்தக் கணக்கைப் போட்டுத்தான் 41லயே அது கூப்பிட்டிருக்கு. மணல்ல நின்னு பாக்குறவனுக்கு மேல அடிக்கிற காத்து தெரியாது, அதுக்குத் தெரியும்.

சால்டரிங்_அண்ணன்:
காத்து பாதி, பேட்டரி பாதி. மூணாவது செல் மத்ததைவிட 0.45 வோல்ட் கம்மி. நல்ல பேட்டரியில இந்த இடைவெளி வராது. சதவீதம்ங்கிறது மொத்தக் கணக்கு, நோஞ்சான் செல் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். எதிர்க்காத்துல மோட்டார் இழுக்குற இழுப்புக்கு அந்த ஒரு செல் உக்காந்துடுச்சு. அசல் பேட்டரிதானா தம்பி? 2022 பிப்ரவரியில டிரோன் இறக்குமதிக்குத் தடை வந்தப்புறம் என் டேபிளுக்கு வர்றதுல டூப்ளிகேட்தான் நிறைய.

கேமரா_தேவிபட்டினம்:
ஆன்லைன்ல வாங்கினது. அசல் மாதிரியேதான் இருந்துச்சு. அப்ப பேட்டரி தப்புன்னு நீங்களே சொல்லிட்டீங்க!

பழைய_பஞ்சாயத்து:
அது உனக்கும் வித்தவனுக்கும் உள்ள வழக்கு தம்பி, மாடிக்காரருக்கு அதுல சம்பந்தமில்ல. 2021 டிரோன் விதிப்படி 250 கிராமுக்கு மேல இருந்தா மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். அடுத்தவன் சொத்துக்குச் சேதம் வந்தா 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கற மாதிரிதான் இழப்பீடு. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள்ள அரசு விமானத் துறையோட ஆன்லைன் தளத்துல தெரிவிக்கணும். காசு வாங்கிட்டுப் பறக்கவிடுறதால பைலட் சான்றிதழும் வேணும். பேனல் காசை நீ கொடு. அப்புறமா 2019 நுகர்வோர் சட்டத்துல வித்தவன் மேல போ. வயித்துப்பாட்டுக்குத் தானே வேலை செய்யறவனும் நுகர்வோர்தான். ஆனா 9:34ஐத்தான் அவன் வக்கீல் முதல்ல படிப்பான். உச்சிப்புளி கடற்படைத் தளம் பக்கம் இது நடந்திருந்தா பேனலோட முடிஞ்சிருக்காது.

கேமரா_தேவிபட்டினம்:
சான்றிதழ் இருக்கு. இன்சூரன்ஸ் மார்ச்சோட முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அது இறங்க ஆரம்பிச்ச இடத்துக்கு நேர் கீழ ரெண்டு வீட்டு சனமும் நின்னாங்க, சின்னப் பிள்ளைங்களும் இருந்துச்சு. தானா இறங்கும்போதும் குச்சியால நகர்த்தலாம். 12:52ல இருந்து குச்சி முழுசா வலப்பக்கம், லாக்ல பாருங்க. ஆள் இல்லாத மாடின்னு நான்தான் அங்க கொண்டுபோனேன். அதை யாருமே பேசல.

மாடிவீட்டு_மருமகன்:
பாத்தேன். அது நல்ல வேலை, மறுக்கல. நல்ல வேலைன்னு பேனல் ஒட்டிக்காதே.

சால்டரிங்_அண்ணன்:
ஞாயித்துக்கிழமை கடைக்குக் கொண்டா தம்பி. மூணாவது செல்லைத் தனியா அளந்து எழுதித் தர்றேன், நுகர்வோர் மன்றத்துக்கு உதவும். பஸ்ல பேட்டரியைப் பைக்குள்ள வச்சு வராதே. வண்டி எடுத்துட்டு வா.

கேமரா_தேவிபட்டினம்:
சரிண்ணே. பேனலை ரெண்டு தவணையாத் தர்றேன்னு மாமாகிட்ட சொல்லுங்க.

மாடிவீட்டு_மருமகன்:
மாமா ஒத்துப்பார். அத்தைதான் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பேனலுக்குக் கீழ கருவாடு காயப் போட்டிருந்தாங்க, எல்லாம் கண்ணாடித்தூள். அது தனி பில்லாம், தவணை கிடையாதாம்.