வெயிலில் நின்றால் அரை மணி நேரம் உயிர் வராத ஹெரால்ட்: பெட்ரோல் கோளாறா, மின்சாரக் கோளாறா?

பெரம்பூர் ஹெரால்ட்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1966ஆம் ஆண்டின் இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்ட், 948 சிசி எஞ்சின், நம் வண்டலூர் ஆலையில் பிறந்த வண்டி. எனக்கு முன் இதை வைத்திருந்தவர் சோழவரத்துக் கார்ப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், ஒற்றைச் சோலெக்ஸ் கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் வருவது போல ஒன்றேகால் அங்குல எஸ்யூ கார்பரேட்டர்கள் இரண்டைப் பொருத்தி, சைலன்சரையும் மாற்றியிருக்கிறார். காலை வேளையில் வண்டி மிக அழகாக ஓடுகிறது.

வெயில் ஏறிய பிறகுதான் தொல்லை. சென்ற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரம்பூரிலிருந்து கிளம்பி, கோயம்பேடு தாண்டி நூறடிச் சாலையில் வடபழனி சிக்னலை நெருங்கும்போது எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிறகு யாரோ சாவியைத் திருகியது போலச் சட்டென்று நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து நிமிடம் ஓரத்தில் நிறுத்தி வைத்த பிறகு, ஒன்றுமே நடக்காதது போல் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மார்ச் மாதத்திலிருந்து இப்படி ஐந்து முறை நடந்துவிட்டது. வெப்பமானி நடுவில்தான் நிற்கிறது. ரேடியேட்டரைக் கழுவியாயிற்று, பெட்ரோல் ஃபில்டர், நான்கு ப்ளக், கண்டென்சர் எல்லாம் புதிது. ஜனவரியில் காயிலும் (ப்ளக்கின் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) மாற்றப்பட்டது. இனி எதை மாற்றுவது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மயிலை ஸ்பானர்:

இது ஐயமே இல்லாமல் பெட்ரோல் குழாயில் ஏற்படும் ஆவி அடைப்புதான், நண்பரே; சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துவிடுகிறது. இந்த எஞ்சினில் பெட்ரோல் பம்ப் ஒரு புறமும் கார்பரேட்டர்கள் மறு புறமும் இருப்பதால், குழாய் எஞ்சினின் சூடான முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. அத்துடன் இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் (கலவை உள்ளே போகும் குழாய்த் தொகுதியும் புகை வெளியேறும் குழாய்த் தொகுதியும்) இரண்டும் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. டாங்க் பக்கத்தில் ஒரு மின்சாரப் பெட்ரோல் பம்ப் வைத்துவிடுங்கள், பிறகு தொல்லையே இருக்காது.

கார்பரேட்டர் தாத்தா:

மயிலைத் தம்பி சொல்வது தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பார்க்காமலே மருந்து எழுதுகிறார். மின்சாரப் பம்ப் வாங்கும் முன் இரண்டு விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். எஸ்யூ கார்பரேட்டரின் ஊசி வால்வு ஏறத்தாழ மூன்று பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தாங்காது; இன்று கடையில் கிடைக்கும் பல பம்புகள் அதைவிட அதிகமாகத் தள்ளி, ஃப்ளோட் சேம்பரை (கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறை) வழியச் செய்து, சூடான எக்ஸாஸ்டின் மேலேயே பெட்ரோலைச் சொட்ட வைக்கும். இரண்டாவது, வண்டி எங்காவது மோதி நின்றால் அந்தப் பம்ப் தானாக நிற்காது. அதற்குத் தனிச் சுவிட்சு வேண்டும். இவற்றையெல்லாம் செய்து முடித்த பிறகு கோளாறு பெட்ரோலில் இல்லை என்று தெரிந்தால், பழைய கோளாறும் இருக்கும், புதிய அபாயமும் சேர்ந்திருக்கும்.

பெரம்பூர்த் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: வண்டி நின்ற அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி. ஆறிய பிறகு எதைச் சோதித்தாலும் எல்லாம் நல்லதாகவே காட்டும். அடுத்த முறை நிற்கும்போது ஓரங்கட்டி, பானெட்டை முன்னால் சாய்த்து (முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கும் வசதியை இந்த வண்டிக்கு மேல் எவரும் தந்ததில்லை), முதலில் ஒரு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். அவ்வளவு நேரம் ஸ்டார்ட்டர் சுற்றிய பிறகும் ப்ளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிதமிஞ்சி வருகிறது.

அதன் பிறகு, ப்ளக்கைத் திரும்ப மாட்டி, சுற்றிலும் பெட்ரோல் ஈரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பொறியை நான்கு ப்ளக்குகளுக்கும் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி நடுவிலிருக்கும் ஒயரை எடுத்து, நல்ல ரப்பர் பிடியுள்ள குறடால் பிடித்து, எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். நீலமாகச் சடசடவென்று தாவினால் நல்லது. செம்மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ பெட்ரோலைப் பற்றிய பேச்சையே விட்டுவிடலாம். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரு கேள்வி. காயிலை ஜனவரியில் ஏன் மாற்றினீர்கள்? நின்றுபோகும் தொல்லை அதற்கு முன்பும் இருந்ததா?

பெரம்பூர் ஹெரால்ட்:

மிக்க நன்றி, ஐயா. பழைய காயிலின் வாயில் எண்ணெய் கசிந்திருந்ததால், வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் புதிதாக ஒன்று போட்டார். அதற்கு முன்பு, அதாவது சென்ற ஆண்டு மே மாத அக்னி நட்சத்திரத்தில்கூட, இந்த வண்டி வழியில் நின்றதில்லை. ஜனவரி, பிப்ரவரியிலும் நிற்கவில்லை. மார்ச்சில் தொடங்கியதால் வெயில்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆதம்பாக்கம் பிஸ்டன்:

பெட்ரோல் பக்கத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது எங்கு நிரப்பினாலும் அதுதான் கிடைக்கிறது. தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இந்தக் கலவைக்கு 13.5 அளவே போதும். ஆகவே பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் பழைய ஊசியிலும் ஜெட்டிலும் எஞ்சின் முன்பைவிடக் கலவை மெலிந்து ஓடும், வெப்பமும் சற்றுக் கூடும். எஸ்யூவில் இதைச் சரிசெய்வது எளிது: ஜெட்டின் அடியிலுள்ள நட்டை ஒரு முகம், இரண்டு முகம் என்று கீழே இறக்கினாலே கலவை அடர்த்தியாகிவிடும், ஆனால் இரண்டு கார்பரேட்டர்களிலும் ஒரே அளவு இறக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் ரப்பர். பழைய ஹோஸ்களையும் பம்பின் டயஃபிரமையும் எத்தனால் ஊற வைத்து மென்மையாக்கிவிடும். என் ஃபியட்டில் ஹோஸின் உட்புறம் உரிந்து, கறுப்புத் தூளாக ஃபில்டரில் வந்து சேர்ந்தது. புதிதாக வாங்கும்போது எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும்.

பெரம்பூர் ஹெரால்ட்:

ஐயா சொன்னபடியே இன்று வேண்டுமென்றே பிற்பகல் ஒரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கத்திப்பாராவுக்குச் சற்று முன்னால் நின்றது. ப்ளக் நன்றாக நனைந்திருந்தது. என் மைத்துனர் ஸ்டார்ட்டர் போட, நடு ஒயரில் நூல் போன்ற செம்மஞ்சள் பொறி ஒன்று வந்தது, இரண்டு முறை வரவே இல்லை. காயிலின் மேல் தவறுதலாகக் கை வைத்துவிட்டேன், இரண்டு விநாடிகூட வைத்திருக்க முடியவில்லை. கண்டென்சர் புதிது, காயில் புதிது. பிறகு எப்படி?

கிண்டி மின்வேலை:

புதியது என்பதும் பொருத்தமானது என்பதும் வேறு வேறு. உங்களிடம் மல்டிமீட்டர் இல்லையென்றால் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வண்டிக்கு ஸ்பானரைவிட அதுதான் அதிகம் பயன்படும். காயிலின் இரண்டு சிறிய முனைகளிலிருந்தும் ஒயர்களைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளுக்கு இடையே எத்தனை ஓம் காட்டுகிறது என்று பாருங்கள். மிகச் சிறிய அளவு என்பதால், முதலில் மீட்டரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, காயிலுக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயிண்டின் முகம் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

பெரம்பூர் ஹெரால்ட்:

காயில் 1.7 காட்டுகிறது, குச்சிகளைத் தொட வைத்தால் 0.2. அப்படியென்றால் ஒன்றரை ஓம். பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் சிறு மேடும் இருக்கின்றன, இரண்டும் நீலம் பூத்திருக்கின்றன. இந்தப் பாயிண்டையும் ஜனவரியில்தான் போட்டார்கள்.

கிண்டி மின்வேலை:

கோளாறு கிடைத்துவிட்டது. பழைய பாயிண்டு வண்டிகளுக்கான காயில்களில் பெரும்பாலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, 12 வோல்ட்டை நேராக வாங்கிக்கொள்ளும் மூன்று ஓம் காயில். மற்றொன்று, பேலஸ்ட் எனப்படும் மின்தடையோடு சேர்ந்து ஓடும் ஒன்றரை ஓம் காயில். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் அந்தத் தடையைத் தாண்டி முழு மின்சாரமும் காயிலுக்குப் போகும், அதனால் பாட்டரி சற்று மெலிந்திருந்தாலும் வண்டி எளிதாகப் பிடிக்கும். ஸ்பிட்ஃபயரின் பிற்கால மாடல்களில் அந்தத் தடை ஒரு நீளமான ஒயராக வயரிங்குக்குள்ளேயே மறைந்திருக்கும். உங்கள் ஹெரால்டில் அப்படி எதுவும் கிடையாது.

பேலஸ்ட் இல்லாத வண்டியில் ஒன்றரை ஓம் காயிலைப் போட்டதால், எஞ்சின் ஓடும்போது இருக்கும் ஏறக்குறைய 14 வோல்ட்டில், மூன்று ஓம் காயில் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்காத இடத்தில் இது ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. அத்தனையும் பாயிண்டு வழியாகத்தான் போய் வர வேண்டும் என்பதால் பாயிண்டு கருகுகிறது, காயில் கொதிக்கிறது, கொதித்த காயிலில் பொறி மெலிகிறது. ஆறினால் திரும்பிவிடுகிறது. ஜனவரியின் குளிர்ந்த காற்றில் எப்படியோ சமாளித்த காயிலுக்கு மார்ச் வெயில் கூடுதல் பாரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மூன்று ஓம் காயில் ஒன்றை வாங்குங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ தேடும்போது, எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், மீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே வைத்துப் பார்த்து வாங்குங்கள். பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பாயிண்டு இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). சாவியைப் போட்டு எஞ்சினை ஓட்டாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் வேண்டாம். பாயிண்டு மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலில் மின்சாரம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மயிலை ஸ்பானர்:

என் கணிப்பு தவறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவ்வளவு சிரமப்படுவதற்குப் பாயிண்டையே தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் ஒன்றை மூடிக்குள் வைத்துவிடலாமே? கண்டென்சரும் வேண்டாம், தேய்மானமும் இல்லை.

கார்பரேட்டர் தாத்தா:

வைக்கலாம், தம்பி, அதிலும் தவறில்லை. ஆனால் மாட்யூலுக்கும் காயில் ஓம் பொருந்த வேண்டும். இதே ஒன்றரை ஓம் காயிலோடு அதைப் போட்டிருந்தால், பாயிண்டு கருகியதற்குப் பதிலாக மாட்யூல் செத்திருக்கும். பாயிண்டு கெட்டால் திண்டிவனம் சாலையோரத்தில் நகம் தேய்க்கும் அரத்தால் தேய்த்து வீடு வந்து சேரலாம், மாட்யூல் கெட்டால் லாரிதான். எனக்கு வயதாகிவிட்டது, நான் பாயிண்டுக்காரன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காயில் சரியான பிறகும், சூட்டில் வண்டியைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு எடுத்தால் முரண்டு பிடிக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் கார்பரேட்டர்களுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவில் வெப்பத் தகடு இருக்கிறதா?

பெரம்பூர் ஹெரால்ட்:

மூன்று ஓம் காயில் (கடையில் மீட்டர் வைத்தபோது 3.1), பாயிண்டு, கண்டென்சர் எல்லாம் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. இதே வெயிலில் பெரம்பூரிலிருந்து தாம்பரம் வரை மூன்று முறை போய் வந்துவிட்டேன், ஓடும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை. காயிலைத் தொட்டால் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் கை வைக்க முடிகிறது.

ஐயா சொன்ன இரண்டாவது தொல்லை அப்படியே இருக்கிறது. தேநீருக்கு நிறுத்தி எடுத்தால் இருபது விநாடி சுற்றிய பிறகே பிடிக்கிறது, முதல் ஒரு நிமிடம் தள்ளாடுகிறது. தகடு எதுவும் இல்லை. கார்பரேட்டர்கள் நேராக மேனிஃபோல்டின் மேல் நிற்கின்றன.

கார்பரேட்டர் தாத்தா:

இது மயிலைத் தம்பி சொன்ன பெட்ரோல் கோளாறு, அவருக்கும் பாதி மதிப்பெண் உண்டு. ஓடும்போது காற்றும், உள்ளே வரும் புதுப் பெட்ரோலும் கார்பரேட்டரைக் குளிர்விக்கின்றன. அணைத்தவுடன் இரண்டும் நின்றுபோய், எக்ஸாஸ்டின் சூடு அனைத்தும் மேலே ஏறி ஃப்ளோட் சேம்பரிலுள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது. எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், பெட்ரோலின் இலேசான பகுதிகள் அதற்கு வெகு முன்பே ஆவியாகிவிடும்.

ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை, இரண்டு கார்பரேட்டர்களின் அடிப்பகுதியையும் ஃப்ளோட் சேம்பர்களையும் மறைக்கும் அகலத்துக்கு வெட்டி, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கெட்டியான ஃபைபர் ஸ்பேசருடன் சேர்த்துப் பொருத்துங்கள். தகட்டின் இருபுறமும் கேஸ்கெட் வேண்டும், இல்லையென்றால் காற்றுக் கசிந்து ஐட்லிங் ஏறும். ஸ்பேசரின் தடிமனுக்கு ஏற்ப நீளமான ஸ்டட்டும் தேவைப்படும், ஆக்சிலரேட்டர் இணைப்பின் நீளத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அது வரும்வரை, சூட்டில் எடுக்கும்போது சோக்கை இழுக்காமல், ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தியபடி விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் போடுங்கள். மிதித்து மிதித்து விடுவதால் எஸ்யூவில் எந்தப் பயனும் இல்லை, அதில் அதற்கான பம்ப் கிடையாது.

ஆதம்பாக்கம் பிஸ்டன்:

ஒரு சிறு குறிப்பு. கழற்றிய சோலெக்ஸும் பழைய மேனிஃபோல்டும் இருந்தால் எறிந்துவிடாமல் பெட்டியில் வையுங்கள். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதி, வண்டி பழைய வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பதிவை என்றாவது நினைத்தால் அந்தப் பெட்டி தேவைப்படும்.

பெரம்பூர் ஹெரால்ட்:

சோலெக்ஸ் பரணில் இருக்கிறது, மேனிஃபோல்டு முந்தைய உரிமையாளரிடம் இருக்கலாம், கேட்டுப் பார்க்கிறேன். அலுமினியத் தகடு செம்புதாஸ் தெருவில் வாங்கிவிட்டேன். ஸ்பேசரை லேத்துப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். ஐயா, ஸ்பேசர் பத்து மில்லிமீட்டர் போதுமா? அதற்கு மேல் வைத்தால் பின் கார்பரேட்டரின் ஏர் ஃபில்டர் உட்பக்கச் சுவரில் இடிக்கிறது.

கார்பரேட்டர் தாத்தா:

ஆறு போதும், தம்பி. தகடுதான் வேலையைச் செய்யும்.