வீடு மாறிவிட்டோம், வருடப் பிளானைப் பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் கிடைக்குமா?

வெட்டூர்ணிமடம்_அக்கா:
நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் வாடகைக்கு இருந்தோம். மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் கடையாலுமூடு பக்கம் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். பழைய வீட்டில் ஒரு தனியார் கம்பெனி ஃபைபர், வருடப் பிளான், பணம் மொத்தமாகக் கட்டியாச்சு. இன்னும் ஏழு மாதம் பாக்கி. எங்கள் இரண்டு பேர் போஸ்ட்பெய்டு சிம்மும் லேண்ட்லைன் நம்பரும் அதே பில்லில்தான்.

இடமாற்றம் கேட்டேன். லைன் போடுகிற பையன் வந்து பார்த்தான். வீடு ரப்பர் தோட்டத்துக்கு உள்ளே. "இந்தப் பக்கம் எங்க கேபிளே கிடையாதுக்கா. ரோட்டிலிருந்து இழுத்தாலும் ஒரு காத்துக்குக் கிளை முறிஞ்சு விழுந்தா போச்சு" என்றான். நியாயம்தான், அவன் மேல் கோபமில்லை. ஆனால் மறுநாள் வந்த எஸ்.எம்.எஸ்: "வாடிக்கையாளர் வேண்டாம் என்றதால் கோரிக்கை முடிக்கப்பட்டது." நான் எப்போது வேண்டாம் என்றேன்? கஸ்டமர் கேரில் கேட்டால், நீங்களாக நிறுத்துகிறீர்கள், லாக்-இன், அதாவது குறிப்பிட்ட காலம் வரை விலகக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது, மீதிப் பணம் வராது, ரூட்டருக்கும் காசு கட்டணும் என்கிறார்கள்.

பணத்தை விட்டுவிட வேண்டியதுதானா? சிம் நம்பர்கள் போய்விடுமா? பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பழைய_லைன்மேன்:
அந்த எஸ்.எம்.எஸ்ஸை அழித்துவிடாதீங்க. உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்று போவது வேறு, அவர்களால் தர முடியாமல் போவது வேறு. புது முகவரியில் இணைப்பு தர முடியாது என்று எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் பேசிப் பிரயோஜனமில்லை, மெயில் போடுங்க. "கோரிக்கையை நான் ரத்து செய்யவில்லை, உங்கள் ஆள் வந்து பார்த்துவிட்டு கேபிள் இல்லை என்றார், எஸ்.எம்.எஸ்ஸைத் திருத்தி அனுப்புங்கள்" என்று நாலு வரி போதும். புகார் எண் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

லாக்-இன் என்ற பெயரில் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழப்புகிறார்கள். இலவசமாகத் தந்த ரூட்டருக்கும் இன்ஸ்டலேஷனுக்கும் பிடிப்பது ஒன்று. பயன்படுத்தாத மாதங்களின் இணைப்பு வாடகை இன்னொன்று. விண்ணப்பத்தில் எதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அது இந்த இரண்டிலும் சேராது. கணக்கு மூடினபிறகு 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி.

லேண்ட்லைன் நம்பரை மறந்துவிடுங்க. நாகர்கோவில் 04652, உங்கள் பக்கம் குழித்துறை 04651. கோடே வேறு.

மார்த்தாண்டம்_மொபைல்:
அக்கா, முதலில் சிம், அப்புறம்தான் ஃபைபர். மொத்தக் கணக்கையும் மூடச் சொல்லிவிட்டால் சிம்மும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கிறது. வந்த பில்லை பாக்கியில்லாமல் கட்டிவிட்டு, 1900க்கு PORT என்று அடித்து ஒரு இடம் விட்டு மொபைல் நம்பரைப் போட்டு அனுப்புங்கள். நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்குப் போவதற்கான கோட் வரும். இரண்டு சிம்மிலிருந்தும் தனித்தனியாக அனுப்பணும். சிம்முக்கென்று ஒப்பந்தக் காலம் எழுதியிருந்தால் அதைக் காட்டி போர்ட்டிங்கைத் தடுக்க அவர்களுக்கு வழியுண்டு, அதையும் பார்த்துக்கோங்க. கம்பெனி மாற இஷ்டமில்லையா, அங்கேயே ப்ரீபெய்டாக மாற்றிக் கேளுங்கள். எந்தக் கம்பெனிக்கு உங்கள் தோட்டத்துக்குள் சிக்னல் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு மாறுங்க.

ஆரல்வாய்_காற்று:
பழைய வீட்டுக்குப் புதுசாக வருகிறவர்களிடம் ஏழு மாதத்தையும் விற்றுவிடுங்களேன். சுலபம்.

பழைய_லைன்மேன்:
பெயர் மாற்றி, அவர்கள் தங்கள் அடையாளச் சான்று (கே.ஒய்.சி.) கொடுத்து எடுத்துக்கொண்டால் நல்லதுதான். பெயர் மாற்றாமல் விட்டுவிட்டு வராதீங்க. யாரோ எதையோ செய்ய, போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்.

தக்கலை_குமாஸ்தா:
மெயிலுக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது 2012லிருந்தே டிராய் விதி. புகாருக்கு முடிவு வந்த 30 நாளுக்குள் போகணும், 39 நாளில் அவர்கள் பதில் சொல்லணும், கட்டணம் கிடையாது. பாதிப்பேர் கஸ்டமர் கேரோடு சண்டை போட்டு ஓய்ந்துவிடுகிறார்கள், இந்தப் படியில் ஏறுவதேயில்லை. கம்பெனிகளுக்கும் அதுதான் வசதி.

அதிலும் சரியாகவில்லை என்றால் 1915, நுகர்வோர் உதவி எண். கடைசியாக நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெலிகாம் வழக்கு அங்கே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. வரும் என்று 2022ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. கட்டின தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கோர்ட் ஃபீஸும் இல்லை. ஆனால் ஏழு மாத வாடகைக்காக கடையாலுமூட்டிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ் ஏறி வாய்தாவுக்கு அலையணுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் மேல்முறையீட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

ரூட்டரைச் சும்மா கையில் கொடுத்துவிடாதீங்க, ரசீது வாங்குங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் அடாப்டரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கோங்க.

வெட்டூர்ணிமடம்_அக்கா:
எல்லோருக்கும் நன்றி. மெயில் போட்டாச்சு, புகார் எண்ணும் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சிம்முக்கு கோட் வந்தது, என்னுடையதற்கு இனிமேல்தான் அனுப்பணும். இன்னொன்று: சாமான் கட்டிவந்த பெட்டியில் அடாப்டர் ஒயரை எலி கடித்திருக்கிறது. அதற்கும் பிடிப்பார்களா?

மார்த்தாண்டம்_மொபைல்:
எங்கள் வீட்டுக்கு எடுக்க வந்தவன் ரூட்டரில் லைட் எரிகிறதா என்றுதான் பார்த்தான். டேப் சுற்றி வையுங்கக்கா.

பழைய_லைன்மேன்:
டேப் சுற்றினதைப் படத்திலும் காட்டுங்க. பிறகு மறைத்துக் கொடுத்தீங்க என்று சொல்லக்கூடாது.