‘லைவ் ரெக்கார்டிங்’: நேரலைப் பதிவா, அவைப்பதிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டு அட்டவணைக்கான நம் சொற்பட்டியலில் ‘லைவ் ரெக்கார்டிங்’ என்பதற்கு ‘நேரலைப் பதிவு’ என்று முன்மொழிந்திருக்கிறார்கள். அதை ஏற்கத் தயங்குகிறேன். காரணத்தைப் பொதுப்படச் சொல்வதைவிட ஒரு வெளியீட்டை முன்வைத்துச் சொன்னால் விளங்கும்.

லத்தீன் ஜாஸில் வைப்ரஃபோன் என்னும் உலோகக் கட்டை இசைக்கருவியை வாசித்துப் பெயர்பெற்றவர் கால் ஜேடர். சியாட்டில் நகரின் பென்ட்ஹவுஸ் என்னும் ஜாஸ் கேளிக்கை விடுதியில் 1963 முதல் 1967 வரை அவர் குழுவினர் வெவ்வேறு இரவுகளில் வாசித்தவை, ‘கேட்ச் த குரூவ்’ என்னும் தொகுப்பாக 2023இல்தான் வெளிவந்தன. அந்த விடுதி நிகழ்ச்சிகளைக் கிங் எஃப்.எம். வானொலி அங்கிருந்தே ஒலிபரப்பியது. அறிவிப்பாளர் ஜிம் வில்கி. அன்றிரவு சியாட்டிலில் வானொலிப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தவருக்கு அது நேரலை. ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்துத் தட்டில் கேட்பவருக்கு அது எப்படி நேரலையாகும்? ‘நேரலை’ என்னும் சொல் ஒலிபரப்பின் நேரத்தைச் சுட்டுகிறது. நமக்கு வேண்டியதோ வாசித்த சூழலைச் சுட்டும் சொல்.

இத்தொகுப்பைப் பற்றி எழுதும்போது ‘கண்டெடுக்கப்பட்ட பதிவுகள்’ என்று சொல்வதும் எனக்கு உவப்பாக இல்லை. ஒலிபரப்புக்காகப் பதிவாகித் தட்டாக வெளிவராதிருந்த நாடாக்கள் இவை. ‘முதல் வெளியீடு’ என்றாலே போதும்.

‘மேடைப் பதிவு’, ‘அரங்கப் பதிவு’ இரண்டையும் நானே முன்பு ஆதரித்தவன். இப்போது ஐயப்படுகிறேன். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் கேனன்பால் அடர்லி 1966இல் பதிவு செய்த ஒரு புகழ்பெற்ற தட்டின் உறை, சிகாகோ நகரின் ஒரு விடுதியில் பதிவானது என்று சொல்கிறது. உண்மையில் அது ஹாலிவுட்டில் உள்ள கேபிடல் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில், விருந்தினர்களை அழைத்து உட்காரவைத்து, மதுவும் வழங்கிப் பதிவு செய்தது. அதை அரங்கப் பதிவு என்றால் பொய். வெறும் கலையக (ஸ்டூடியோ) பதிவு என்றாலும் முழு உண்மையாகாது. அங்கே இருந்தது அரங்கன்று, கேட்கும் கூட்டம். ஆகவே இடத்தைவிட, எதிரே ஆள் இருந்து கேட்டதுதான் இச்சொல்லுக்கு ஆதாரமாக வேண்டும்.

வைப்ரஃபோனில் இது துலக்கமாகத் தெரியும். அலுமினியக் கட்டைகளை உறையிட்ட குச்சியால் தட்டி, காலால் மிதியை அழுத்திக்கொண்டால் ஒலி உடனே அற்றுப்போகாமல் நீளும். கட்டைகளுக்குக் கீழே நிற்கும் குழாய்களின் வாயில் சிறு வட்டத்தகடுகள் மோட்டாரால் சுழன்று திறந்து மூடுவதால், நீளும் அந்த ஒலி பெருகியும் தணிந்தும் அலையும். விடுதிப் பதிவில் ஒலி தேயும் அந்த நேரத்தில்தான் கண்ணாடிக் கோப்பையின் கிணுக்கம், யாரோ ஒருவரின் சிரிப்பு, கைதட்டலின் முதல் அரைநொடி எல்லாம் காதில் விழுகின்றன. கலையகத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும்.

எனவே ‘அவைப்பதிவு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். அவை என்பது கூடியிருக்கும் மக்களையே முதலில் குறிக்கும். ‘அவையோர்’, ‘அவையடக்கம்’ என்று வழக்கில் உள்ள சொற்களோடு இது இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. கலையகப் பதிவுக்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கிறது. ‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கம்’ என்று நாளிதழில் தினமும் படிக்கிறவருக்குச் சட்டப்பேரவை நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் தனியஞ்சலில் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இசைத்தட்டு அட்டவணையில் அந்தக் குழப்பம் நேராது. பொதுக் கட்டுரையில் நேரும் என்று அஞ்சினால் ‘அவையிசைப் பதிவு’ என்று விரித்து எழுதலாம்.

‘கச்சேரிப் பதிவு’ ஏற்கெனவே ரசிகர்களின் வாயில் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், கச்சேரிக்கு அதுவே நன்று. நாடகம், நகைச்சுவை நிகழ்ச்சி, கவிதை வாசிப்பு ஆகியவற்றின் தட்டுகளும் நம் அட்டவணையில் வருவதால்தான் வேறு சொல் தேவைப்படுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு: முன்னொட்டுச் சேர்த்து வகை பிரிக்கலாம். இதே பென்ட்ஹவுஸில் 1965 அக்டோபர் 2 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்ததை இசைக்கலைஞர் ஜோ பிரேசில் பதிவு செய்து வைத்திருந்தார்; அது 2021இல் வெளிவந்தது. ஜேடருடையது வானொலி அவைப்பதிவு, கோல்ட்ரேனுடையது தனியார் அவைப்பதிவு. ‘நேரலைப் பதிவு’ என்றால் இந்த இரண்டாவதை எதில் சேர்ப்பது? அது நேரலையாகப் போகவே இல்லையே.

அட்டவணையில் பதிவு இப்படி அமையும்: ‘கால் ஜேடர் குழு. பென்ட்ஹவுஸ், சியாட்டில், 1963–1967. வானொலி அவைப்பதிவு. முதல் வெளியீடு 2023.’ மறுப்பு இருந்தால், ‘தனியார்’ என்பதைவிடப் பொருத்தமான முன்னொட்டு தோன்றினால், இவ்விழையிலேயே எழுதுங்கள். அந்த ஒன்றில் எனக்கே முழு நிறைவில்லை.